திருட்டு நடப்பதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போங்கள்

கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் 19 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தெருவில் மொத்தம் 26 கடைகள். ராத்திரி பத்தரை மணிக்குக் கடைசியாக ஷட்டர் இறக்குவது நான்தான் என்பதால், எங்கள் தெரு வணிகர் சங்கத்தில் போலீஸ் சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. உங்கள் தெருவிலும் கேமரா, போலீஸ் ரோந்து என்று இப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்ய நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது உதவும்.

முதலில் உங்கள் கேமரா காட்சிகள் பதிவாகும் பெட்டி காட்டும் நேரம் சரியா என்று பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் எதிர்ச்சாரியில் பூ வாங்க நின்ற ஒரு அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். என் வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆனால் பெட்டியின் மணி 47 நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற கடைகளின் பதிவோடு ஒட்டிப் பார்த்து, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது. கழுத்தில் கீறலோடு அந்த அம்மா என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன், அவர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இப்போது மாதம் பிறந்தால் முதல் வேலையாக 26 கடைகளிலும் செல்போன் மணியோடு பெட்டி மணியை ஒத்துப் பார்க்கிறோம்.

கேமராவை உயரத்தில் மாட்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு அடியில் மாட்டினால் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். வாசலுக்கு ஒன்றை ஏழு, எட்டு அடியில் முகம் தெரிகிற மாதிரி வையுங்கள். சாலையைப் பார்க்கும் கேமரா வண்டிகளுக்கு நேர் எதிரே இருந்தால், ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகிவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, இருட்டிய பிறகு ஒரு பைக்கை ஓட்டிவரச் சொல்லிப் பாருங்கள். பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என் கடையில் நாலு கேமராவுக்கு 1 டி.பி. ஹார்டு டிஸ்க், 12 நாளில் பழையது அழிந்துவிடும்.

அடுத்தது ஸ்டேஷன். நாங்கள் கூட்டிய முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். "சாத்தான்குளத்தை மறந்துட்டியாம்மா?" என்று பாத்திரக்கடை அண்ணன் கேட்டார். மறக்கவில்லை. 2020 ஜூனில் அந்த ஊர்க் கடைக்காரர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் உயிரிழந்ததை எந்தக் கடைக்காரரால் மறக்க முடியும்? அந்தப் பயத்தை ஒதுக்கிவைக்காமல் அதற்கேற்ற மாதிரிதான் விதி வகுத்தோம். சங்கத்தின் பெயரில் குறைந்தது மூன்று பேர் சேர்ந்தே போவோம். கேட்பதை மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குவோம். டீ, மாத்திரை, தீபாவளி இனிப்புப் பெட்டி என்று எங்கள் தெருவிலிருந்து எதுவும் போகாது. ஒருவர் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்தவரும் கொடுத்தாக வேண்டும். ரோந்து நம் உரிமை. கொடுத்து வாங்கினால் அது யாரோ காட்டும் தயவாகிவிடும்.

மனுவில் "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். நேரமும் இடமும் எழுதுங்கள். நாங்கள் எழுதியது: ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, வசூல் பணத்தோடு கடைக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம், தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருட்டாக இருக்கும் பத்தடி. கூடவே ஒரே தாளில் தெருவை வரைந்து, எந்தக் கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, உரிமையாளர் நம்பர், மாற்றுச்சாவி யாரிடம் என்று குறித்துக் கொடுத்தோம். ரோந்து காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை அந்த முனையில் இருக்கும் தையற்கடையில் வைக்கச் சொல்லிக் கேட்டோம். அந்தக் கடையின் போர்டு விளக்கை விடியும்வரை எரியவிட்டு, கரண்ட் பில்லைப் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்குக் கேட்டால், கேமராவைவிட அந்த விளக்குதான் பெரிய காவல் என்பேன்.

வாட்ஸ்அப் குழுவில் கவனமாக இருங்கள். ஏதாவது நடந்தால் முதலில் 112-க்கு அழையுங்கள், அப்புறம் குழுவில் போடுங்கள். பணம் ஆன்லைனில் பறிபோனால் உடனே 1930. "சந்தேகமான ஆள்" என்று யார் படத்தையும் போட எங்கள் குழுவில் அனுமதியில்லை. வடமாநிலத் தொழிலாளியோ, ஊசிமணி விற்பவரோ, வழி தெரியாமல் நிற்பவரோ, யாராக இருந்தாலும் சரி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். அப்படி ஒரு சாவு எங்கள் தெருப் படத்தால் நடந்துவிடக் கூடாது. படம் விசாரணை அதிகாரிக்கு மட்டும்தான்.

அதையும் முறையாகக் கொடுங்கள். பென் டிரைவில் பிரதி எடுத்து, தேதி, மணி, எந்தக் கேமரா என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பதிவு கோர்ட்டில் நிற்க, பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இதை 65பி என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். அதில் ஒரு பகுதியில் பெட்டிக்குப் பொறுப்பானவர், அதாவது நீங்கள், கையெழுத்திட வேண்டும். இன்னொரு பகுதி நிபுணருக்கு. பெட்டியையே எடுத்துப் போனால் மகஜர், அதாவது என்ன எடுத்தார்கள் என்று எழுதும் ஆவணத்தின் நகல் கேளுங்கள்.

ஆய்வாளர் மாறினால் பழைய பேச்சு அவரோடு போய்விடும். புதியவர் பொறுப்பேற்ற வாரமே, தெருவை வரைந்த தாளில் மூடிப்போன கடைகளின் பெயரை அடித்துவிட்டு, மாறிய நம்பர்களைத் திருத்தி, அந்தத் தாளோடு மறுபடியும் மூன்று பேர் போகிறோம். போன மாதம் போனபோது எங்களோடு பாத்திரக்கடை அண்ணனும் வந்தார்.