04652 எண்ணே அல்ல: ஜாவா தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவிலில் என்னிடம் ஜாவா என்ற நிரல்மொழி படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு வேலை கொடுப்பேன். நம்ம ஊர் எஸ்டிடி கோடு 04652-ஐ முழு எண்ணை வைக்கும் ஓர் இன்ட் மாறியில் போட்டு, அப்படியே பிரின்ட் பண்ணச் சொல்வேன். திரையில் 2474 என்று வரும். சிஸ்டம் கெட்டுப்போச்சு என்று யாராவது ஒருவர் எழுந்துவிடுவார்.

சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கும் முழு எண்ணை ஜாவா எட்டின் அடுக்குகளில் எழுதியதாக எடுத்துக்கொள்ளும். 4×512, 6×64, 5×8, மீதி 2. கூட்டிப் பாருங்கள். அந்தக் கோடில் ஒரு 8-ஓ 9-ஓ இருந்தால் கம்பைலே ஆகாது, அதாவது நிரல் ஓடும் நிலைக்கே வராது. எட்டை அடியாகக் கொண்ட எட்டடிமானத்தில் அந்த இலக்கங்களே கிடையாது.

பூஜ்யத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அதுதான் பெரிய தவறு. "மக்ளே, ரெண்டு ஊர் கோடை யாராவது கூட்டுவாங்களா?" என்று கேட்பேன். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் வரிசை. பின்கோடு 629001-உம் அப்படித்தான், செல் நம்பரும் அப்படித்தான். இன்ட்டின் உச்சம் 2147483647. 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் நம் பத்து இலக்க செல் நம்பர் அதில் அடங்காது. இன்னும் பெரிய முழு எண்களை வைக்கும் லாங் போட்டால் அடங்கும், சரி. முன்னால் வரும் +91-இன் கூட்டல் குறியை எங்கே வைப்பீர்கள்?

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் வீட்டு ரப்பர் பாலுக்குக் கணக்கு எழுதினான். பால் 120 கிலோ, உலர் ரப்பர் 35 சதவீதம். 35 / 100 * 120 என்று போட்டான், விடை 0. இரண்டு இன்ட்டை வகுத்தால் ஜாவா பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். 35-ஐ 100-ஆல் வகுத்த இடத்திலேயே கதை முடிந்தது. அப்புறம் விடை வாங்கும் மாறியைப் பின்னமும் வைக்கும் டபிள் ஆக்கினான். இப்போது 0.0! வகுத்து முடித்த பிறகுதானே விடை அந்த மாறிக்குள் போகிறது. 35.0 / 100 என்று எழுதியதும் 42 கிலோ வந்தது. இந்த ஒரு தவறில் மாட்டாத ஆளை நான் பார்த்ததில்லை, நான் உட்பட.

காசுக்கு டபிள் வேண்டாம். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். பைசாவாக மாற்றி லாங்கில் வையுங்கள்.

டைப் பெயர்களில் இன்ட்டுக்குச் சின்ன ஐ, ஸ்ட்ரிங்குக்குப் பெரிய எஸ். மனப்பாடம் பண்ண வேண்டாம்: இன்ட், டபிள், பூலியன் போன்ற எட்டு அடிப்படை டைப்புகளுக்கு மட்டும் சின்ன எழுத்து, ஸ்ட்ரிங் ஒரு கிளாஸ், அதாவது அடிப்படை டைப்புகளுக்கு மேலே கட்டிய டைப். இன்டிஜர் என்று பெரிய ஐ போட்டு எழுதுவதும் கிளாஸ்தான். அதை இன்ட்டின் முழுப்பெயர் என்று நினைத்து இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால், 127 வரை சரியாக ஓடும், 128-இல் காலை வாரும். மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள்.

மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும். ஆனால் வெறும் 'விலை' போதாது. பிச்சிப்பூ தோவாளை சந்தையில் கிலோ கணக்கு, தெருவில் முழக் கணக்கு. 'கிலோவிலை', 'முழவிலை' என்று பிரித்து வைத்தால் மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும்.