கடைவாசலில் தொடங்கும் ஆய்வு: வடசென்னையில் பண்பாட்டிடைத் தொடர்பைப் படிப்பதும் அதில் வேலை தேடுவதும்

பண்பாட்டிடைத் தொடர்பு, இனக்குழு உறவு என்று தலைப்பு எடுக்கிற மாணவர்கள் பலர் வெளிநாட்டு மாணவர் விடுதிகளையும் ஐடி நிறுவனங்களையும் தேடி அலைகிறார்கள். வடசென்னையில் இருப்பவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் மார்வாடி முதலாளி, பீகாரிலிருந்து வந்த கடைப்பையன், தெலுங்கு பேசும் வாடிக்கையாளர், சரக்கு ஏற்ற வந்த மீன்பாடி வண்டிக்காரர் என்று நால்வரையும் ஒரே வாசலில் பார்க்கலாம். மண்ணடியில் உருது பேசும் முஸ்லிமும் தமிழ் பேசும் முஸ்லிமும் அக்கம்பக்கம். பர்மா பஜாரிலும் வியாசர்பாடியிலும் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்கள். ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியர்கள், பார்சிகளின் அக்கினிக் கோயில்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். 'வடசென்னையில் சமூக நல்லிணக்கம்' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அதற்கு விடை எழுதி வைத்துக்கொண்டுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். 'மின்ட் தெரு மொத்த வியாபாரக் கடையில் விலை பேசும்போது யார் தன் மொழியை விட்டு அடுத்தவர் மொழிக்கு மாறுகிறார்?' என்பது கேள்வி. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்னது இங்கே உதவும். இரண்டு குழுக்கள் பழகினால் மட்டும் வெறுப்பு குறையாது. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிருந்து வரும் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார் அவர். முதலாளிக்கும் கடைப்பையனுக்கும் நடுவில் தினமும் பத்து மணி நேரப் பழக்கம் இருக்கிறது, சம அந்தஸ்து இல்லை. மொழி மாறுகிறவர் யார் என்று எண்ணினால் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும். எங்கள் கருத்தில் இந்தத் துறையில் எண்ண வேண்டிய முதல் பொருள் அதுதான்.

களத்துக்குப் போகுமுன் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 தாய்மொழி அட்டவணையைப் பாருங்கள். இரண்டு இடங்களில் தடுக்கும். மார்வாடியும் போஜ்புரியும் அதில் இந்தியின் கீழ் தொகுக்கப்பட்டிருக்கின்றன. மொத்த 'இந்தி' எண்ணை எடுத்துக்கொண்டால் நகைக்கடை முதலாளியும் கட்டடத் தொழிலாளியும் ஒரே குழுவாகிவிடுவார்கள். அடுத்தது எல்லை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் மூன்றும் அந்தக் கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன, சென்னை மாவட்ட வரிசையில் தேடினால் கிடைக்காது. பழைய ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் உண்டு. காப்பகத்துக்குத் துறைத்தலைவரின் கடிதத்தோடு போங்கள்.

பேட்டிக்கு முன் ஒரு வாரம் வெறுமனே நின்று கவனியுங்கள். இரண்டு மணி நேரமாக ஆறு முறை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு வேளையில். கையில் ஒரு தாள், ஐந்து கட்டம்: யார் பேச்சைத் தொடங்கினார், எந்த மொழியில், யார் மாறினார், எந்த விஷயம் வந்தபோது மாறினார், எப்படி முடிந்தது. விலை, கடன், புகார், கேலி ஆகிய நான்கையும் தனித்தனியே குறியுங்கள். விலையைத் தமிழில் பேசிவிட்டுக் கடன் பேச்சு வந்ததும் வேறு மொழிக்குத் தாவினால் அந்த இடமே உங்கள் கட்டுரையின் மையம். பெயர்ப் பலகைகளையும் படமெடுத்து எண்ணலாம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியே தனி ஆய்வாகும்.

பேட்டியில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. 'மற்ற சமூகத்தாரோடு எப்படிப் பழகுறீங்க?' என்று கேட்டால் 'எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம் சார்' என்ற பதில் வரும். பொய் இல்லை, ஆனால் அதற்குமேல் எழுத ஒன்றும் கிடைக்காது. 'கடைசியா எப்போ ஒரு வார்த்தை தப்பாப் போச்சு? அப்புறம் என்ன பண்ணீங்க?' என்று கேளுங்கள். ஒரு நாள், ஒரு ஆள், ஒரு சொல் என்று பதில் இறங்கி வரும். 'சேட்டு', 'பையா', 'வடக்கன்' ஆகியவற்றை யார் யாரை எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைக் கேட்டு எழுதுங்கள், நீங்களாக அந்தச் சொற்களைக் கேள்வியில் போடாதீர்கள்.

எத்தனை பேர்? 2006-ல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் அறுபது பேட்டிகளை ஆராய்ந்து, முதல் பன்னிரண்டிலேயே முக்கியக் கருத்துகள் வந்துவிட்டன என்று காட்டினார்கள். அந்த ஆய்வில் பேசியவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள். உங்கள் களத்தில் முதலாளி, தொழிலாளி, வாடிக்கையாளர் மூன்று வகை என்றால் வகைக்குப் பன்னிரண்டு பேராவது வேண்டும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். மூன்று மொழி கலந்தால் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெரு இரைச்சலில் போனை மேசையில் வைத்தால் பாதி கேட்காது, சட்டையில் குத்தும் மைக் தேவை. மண்ணடியில் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம், பேட்டி கேட்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரை முதலாளி அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழிலாளி அவர் முன்னால் வாய் திறக்க மாட்டார். கேள்வித்தாளை ஒருவர் இந்திக்கு மாற்ற, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் தமிழுக்குத் திருப்பட்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் முன்வைத்த முறை இது. இரண்டு தமிழும் எங்கே விலகுகின்றனவோ அங்கே கேள்வி கோளாறு.

ஒப்புதல் தாள் ஒரு பக்கம் போதும். எழுதப் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி முன்னிலையில் சம்மதத்தைப் பதியுங்கள். பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதி களத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் நல்ல ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பிவிடும். கடையின் பெயரை நீக்குவது மட்டும் போதாது. 'மின்ட் தெருவில் மூன்று மாடிப் பாத்திரக்கடை' என்று எழுதினால் தெருவே ஆளை அடையாளம் காணும்.

பதிவுகளை வகைப்படுத்தும்போது ஐந்தில் ஒரு பங்கை இன்னொருவரும் தனியே வகைப்படுத்தட்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று தற்செயலைக் கழித்துக் காட்டும் அளவான கோஹன் கப்பா 0.61-க்கு மேல் வந்தால் தொடரலாம், குறைந்தால் வகைகளின் வரையறை மங்கல் என்று பொருள்.

கட்டுரைச் சுருக்கம் 250 சொல். சிக்கல் இரண்டு வாக்கியம், களம் ஒன்று, முறை இரண்டு, கண்டது மூன்று, அதனால் என்ன என்பது ஒன்று. கண்டதை எழுதாமல் 'ஆராயப்படும்' என்று முடிப்பதுதான் பெரும்பாலானவர்களின் பிழை. 1977 முதல் வரும் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் இன்டர்கல்ச்சுரல் ரிலேஷன்ஸ்', 1978 முதல் வரும் 'எத்னிக் அண்ட் ரேஷியல் ஸ்டடீஸ்' இரண்டிலும் கடந்த மூன்றாண்டு இதழ்களைப் புரட்டிவிட்டு அனுப்புங்கள். தரமான ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்டுவந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால் ஆய்விதழைச் சோதிப்பது உங்கள் பொறுப்பு. மூன்று நாளில் ஏற்பு, உடனே கட்டணம் என்று கேட்டால் விலகுங்கள்.

வேலைக்கு வருவோம். பேராசிரியர் பாதைக்கு யுஜிசி-நெட் தகுதித் தேர்வு, வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக. சமூகவியல், மானிடவியல், மொழியியல், இதழியல் ஆகிய எந்தப் பாடத்திலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். அந்தத் தேர்வின் வழியே ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. டெல்லியில் உள்ள இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும் உதவித்தொகை தருகிறது.

கல்விக்கு வெளியே மொழிதான் கதவைத் திறக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விதியைப் புரியவைக்கவும், தொண்டு நிறுவனங்களில் அவர்கள் சம்பளப் புகாரைத் தமிழ் அதிகாரியிடம் எடுத்துச் சொல்லவும் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ தெரிந்த ஆள் தேவை. ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஜப்பான், கொரிய நிறுவனங்களில் பயிற்சியாளர் வேலைக்கு அந்த மொழிச் சான்று வேண்டும். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வு சென்னையில் ஜூலை, டிசம்பரில் நடக்கும். தற்குறிப்பில் 'நல்ல தொடர்புத் திறன்' என்று எழுதாதீர்கள். '36 பேட்டி, மூன்று மொழி, 40 மணி நேரப் பதிவை எழுத்தாக்கியது' என்று உங்கள் எண்ணை எழுதுங்கள்.

கட்டுரை முடிந்ததும் கண்டதை ஒரு பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து, மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் கூட்டம் குறைந்த வேளையில் கொண்டுபோய்க் கொடுங்கள். முதலாளிக்கு ஒன்று, கடைப்பையனுக்குத் தனியாக ஒன்று.