புதுக் கம்ப்யூட்டரில் போட்டோ மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி முடிந்ததும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். எங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் இறங்கியிருக்கும், ஃபீனிக்ஸில் இன்னொரு வீட்டில். "அண்ணே, போட்டோவுக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்பார்கள். கேட்கும்போதே பாதி முடிவு ஆகியிருக்கும். யூடியூபில் யாரோ மேகமூட்டமான வானத்தை ஒரே கிளிக்கில் நீலமாக்கிக் காட்டியிருப்பார். கூகுளின் பழைய போட்டோ மென்பொருளான பிக்காசா காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் வரிசை பிசகாமல் அடிக்கிறார்கள். ரேம் எவ்வளவு, திருட்டு காப்பி ஆபத்தா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது தெரியாதவர் யாரும் இல்லை.

திருத்துவதும் அடுக்குவதும் ஒரே வேலை என்று நினைப்பது

ஃபோட்டோஷாப், கிம்ப் போன்றவை ஒரு படத்தைத் திறந்து உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு. இருபதாயிரம் படங்களுக்குள் போன வருஷ ஆடிக் கூழ் பூஜையில் சித்தி கும்பம் தூக்கிய படம் எங்கே என்று தேடித் தருவது வேறு வேலை. அதற்கு லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம், மேக் என்றால் ஆப்பிள் போட்டோஸ் மாதிரி ஒன்று வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதுதான் தேவை. வாங்குவது என்னவோ முதலாவது.

பெயர்களை மென்பொருளிடம் அடகு வைப்பது

இதைப் பற்றிப் பேசத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் உறவில் ஒரு பையன், நல்ல பொறுமைசாலி. வீட்டிலிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தான். டர்பன் ஈரப்பதத்தில் பாதிப் படங்களில் பூஞ்சை ஏறியிருந்தது. அப்புறம் அவன் ஆயாவை, அதாவது பாட்டியை, பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிக் காட்டி, பெயர் கேட்டுக் கேட்டுப் பதிந்தான். கல்யாணப் படம் ஒன்றில் கடைசி வரிசையில் தொப்பி போட்டவர் யார், கரும்புத் தோட்டத்துப் பாரக் குடியிருப்புக்கு முன்னால் குழந்தையோடு நிற்கிற அம்மாள் யாருக்கு அக்கா என்று எல்லாம் ஆயாவுக்குத் தெரியும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. தன் தாத்தாவின் எண்ணைக்கூட ஆயா மனப்பாடமாகச் சொன்னார்.

எல்லாம் பிக்காசாவில் முகப் பெயர்களாகப் போனது. பிக்காசா முகப் பெயர்களைத் தானாகப் படத்துக்குள் எழுதாது. தன்னுடைய டேட்டாபேஸிலும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைவாகக் கிடக்கும் சிறு ஐ.என்.ஐ கோப்பிலும் வைத்துக்கொள்ளும். கூகுள் 2016 மார்ச்சில் அதைக் கைவிட்டது. சில காலம் கழித்து பையன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். கடைக்காரர் பழையதிலிருந்து "போட்டோ எல்லாத்தையும்" மாற்றிக் கொடுத்தார். ஜேபெக் கோப்புகளை மட்டும்தான் மாற்றினார். மறைவாக இருந்ததை யார் தேடப் போகிறார்கள்? பழைய டிஸ்க்கை அழித்தும் விட்டார். வீட்டில் எல்லாரும் "படமெல்லாம் பத்திரமா இருக்கே" என்றார்கள். படம் இருக்கிறது, சரி. தொப்பிக்காரர் யார் என்று கேட்க ஆயா இல்லை.

இதைக் கேட்டுவிட்டு யாராவது "பிக்காசா போயிடுச்சே, இப்போ அந்தப் பிரச்சினை இல்லையே" என்றால் எனக்குக் கோபம் வரும். பெயர்ப் பலகைதான் மாறியிருக்கிறது. ஆப்பிள் போட்டோஸில் முகத்துக்கு வைத்த பெயர், படத்தை ஏற்றுமதி செய்யும்போது கூடவே வருவதில்லை. கூகுள் போட்டோஸில் நீங்கள் எழுதிய விவரத்தையும் திருத்திய தேதியையும் கூகுளின் டேக்அவுட் சேவை வழியாக வெளியே எடுத்தால், அவை படத்துக்குள் இல்லாமல் பக்கத்தில் ஒரு ஜேசன் கோப்பாக வந்து நிற்கும். லைட்ரூம் கிளாசிக்கும் சும்மா விட்டால் எல்லாவற்றையும் தன் கேட்டலாக் என்ற பட்டியல் கோப்பில்தான் வைக்கும். கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்) பகுதிக்குப் போய், மாற்றங்களைத் தானாக எக்ஸ்.எம்.பி-யில், அதாவது படத்துக்குள்ளோ பக்கத்திலோ நிற்கும் தகவலில், எழுதும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அப்போதும் கலெக்‌ஷன் பிரிவுகள் கேட்டலாக்கிலேயே தங்கிவிடும். அதனால் முக்கியமான பிரிவுகளுக்குக் கீவேர்டும் (தேட உதவும் குறிச்சொல்) சேர்த்துப் போடுங்கள். இலவச டிஜிகேம் முதல் முறை திறக்கும்போதே, தகவலைக் கோப்புகளில் எழுதட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் சோதித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. நாலைந்து படங்களை மட்டும் அதில் போடுங்கள். ஒன்றுக்குக் கீவேர்டாக ஒரு பெயர், ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். பிறகு அந்தக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போய், அந்த மென்பொருள் இல்லாத விண்டோஸ் கம்ப்யூட்டரில் வைத்து, வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் என்று பாருங்கள். டேக்ஸ் வரியில் பெயரும் டைட்டில் வரியில் விளக்கமும் தெரிந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். காலியாக இருந்தால், செட்டிங்ஸில் வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வானத்தை எவ்வளவு நீலமாக்கினாலும் அது எனக்கு வேண்டாம்.

முகப் பெயர் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அதே பெயரைக் கீவேர்டாகவும் எழுதுங்கள். முகக் குறி ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சரியாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கீவேர்டைப் படிக்காத மென்பொருள் அபூர்வம். உறவு முறை, ஊர், ஒப்பந்த எண் போன்றவற்றை விளக்கத்தில் எழுதிவிடலாம்.

ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல்

நம் ஊரில் இது தனித் தலைவலி. கப்பல் பதிவில் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதில், ஒரே குடும்பத்தில் அண்ணன் மூட்லி, தம்பி முதலி. பையன் ஒரு நாள் ஆங்கிலத்தில் போடுவான், இன்னொரு நாள் தமிழில். தேடினால் பாதிதான் வரும். ஆரம்பிக்கும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, சுவரில் ஒட்டாத குறையாக எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேட்டலாக்குக்குள் படம் இருக்கிறது என்று நம்புவது

இல்லை. லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக்கில் இருப்பது படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் நீங்கள் செய்த திருத்தங்களும் மட்டுமே. "இம்போர்ட் பண்ணிட்டேனே" என்று மூல ஃபோல்டரை அழித்தால், மிஞ்சுவது ஆச்சரியக்குறி போட்ட சிறு முன்னோட்டங்கள்தான்.

சந்தா நின்றால் என்ன ஆகும் என்று பார்க்காமல் சேருவது

அடோபி 2017-க்குப் பிறகு ஒரு தடவை காசு கட்டி வாங்கும் லைட்ரூமை விட்டுவிட்டு முழுக்கச் சந்தாவுக்குப் போனது. நின்றுவிட்டால் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதிதான் பூட்டிக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டு சேருவதில் தப்பே இல்லை. தினமும் படம் எடுக்கிறவருக்கு அது கொடுத்த காசுக்குப் பழுதில்லாத சாமான். கல்யாணத்துக்கும் காவடிக்கும் மட்டும் கேமராவைத் தூசி தட்டுகிறவர் டிஜிகேமும், ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) எடுத்தால் டார்க்டேபிளும் போட்டுக்கொண்டால் போதும். டார்க்டேபிள் பழகக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

ரா எடுக்காமல் ரா மென்பொருள்

வேண்டாம்.

லோட் ஷெட்டிங்கை (மின்வெட்டை) மறப்பது

2023 அளவுக்கு இப்போது இல்லைதான். ஆனாலும் கேட்டலாக் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அடுத்த முறை திறக்கையில் அது கெட்டுவிட்டது என்ற செய்தி வர வாய்ப்பு உண்டு. மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ் வாங்குங்கள். லைட்ரூமை மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்டால், தினமும் "ஸ்கிப்" அழுத்தாதீர்கள்.

காப்பு டிஸ்க்கை அதே மேசை இழுப்பறையில் வைப்பது

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. கம்ப்யூட்டர் நனைந்த வீட்டில் இழுப்பறையும் நனைந்தது. இன்னொரு டிஸ்க்கை அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப் படத்தை மூலம் என்று சேர்த்து வைப்பது

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், கேமரா பதிந்த தேதியையும் இடத்தையும் உள்ளிருந்து எடுத்துவிடும். அப்புறம் எந்த மென்பொருளாலும் அதைத் தேதிவாரியாகச் சரியாக அடுக்க முடியாது. எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஐபோனிலிருந்து வந்தால் ஹெச்.இ.ஐ.சி கோப்பாக இருக்கலாம். உங்கள் மென்பொருள் அதைத் திறக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.