படிவம் போனது, பதில் வரவில்லை: மின் ஒப்புதல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் ஓர் ஊழியர், அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகச் சம்பள முன்பணம் கேட்டு மின்படிவம் நிரப்பினார். விண்ணப்பம் பதிவாகிவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது. 11 நாள் காத்திருந்தார். சார் மனது வைக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாருக்கோ அப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே தெரியாது. மதியச் சாப்பாட்டின்போது யாரோ பேச்சுவாக்கில் கேட்கப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. படிவத்துக்குப் பின்னால் ஓட வேண்டிய ஃப்ளோ, அதாவது விண்ணப்பத்தை மேலாளரிடம் கொண்டுபோய் ஒப்புதல் கேட்டுப் பதில் அனுப்பும் தானியங்கி வேலைத்தொடர், பல நாட்களாக நின்றுபோயிருந்தது.

காகிதக் காலத்தில் கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்று தபால் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். நேரில் போய்க் கேட்கவும் முடியும். மின்படிவம் நின்றால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. கேட்டவர் மேலாளரைச் சந்தேகிக்கிறார், மேலாளர் யாருமே கேட்கவில்லை என்று இருக்கிறார். கீழே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான் போய் முடிகின்றன.

பல அலுவலகங்களில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் (படிவம்), ஷேர்பாயின்ட் பட்டியல் (விண்ணப்பங்கள் பதிவாகும் அட்டவணை), பவர் ஆட்டோமேட் (ஃப்ளோவை ஓட்டுவது), டீம்ஸ் அப்ரூவல்ஸ் (ஒப்புதல் தரும் இடம்) என்ற கூட்டணியை வைத்தே எழுதுகிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பொத்தான்களின் பெயர்தான் மாறும், சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்.

யார் பெயரில் ஓடுகிறது?

எங்கள் முன்பணப் படிவம் நின்ற காரணம் எளிமையானது. அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஃப்ளோ என்பது காற்றில் ஓடுவதில்லை. மின்னஞ்சல் அனுப்பவும் பட்டியலில் எழுதவும் அது யாரோ ஒருவருடைய கணக்கின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. பெரும்பாலும் அது உருவாக்கியவரின் கணக்கு. அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் இணைப்பு அறுந்துபோகும். சில சமயம் கடவுச்சொல் மாறினாலே போதும்.

அறுந்ததும் எச்சரிக்கை மின்னஞ்சல் போகத்தான் செய்கிறது. ஆனால் அது ஃப்ளோவின் உரிமையாளருக்குப் போகிறது, அதாவது அலுவலகத்தை விட்டுப் போனவருக்கு. 14 நாள் தொடர்ந்து தோல்வியடைந்தால் பவர் ஆட்டோமேட் அந்த ஃப்ளோவை நிறுத்திவிடும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் படிவங்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. அலுவலக உரிமத்தோடு சேர்ந்து வரும் சாதாரண உரிமத்தில் 90 நாள் அசைவில்லாமல் கிடக்கும் ஃப்ளோவும் அணைக்கப்படலாம். ஏப்ரலில் சம்பள மதிப்பீட்டுப் படிவத்தைத் திறக்கும்போது, போன ஆண்டு நன்றாக ஓடிய ஃப்ளோ அணைந்து கிடக்கும்.

படிவத்துக்கும் இதே கதைதான். தனிநபர் கணக்கில் உருவாக்கிய படிவத்தில் ஊழியர்கள் இணைக்கும் மருத்துவச் சான்று, ரசீது எல்லாம் அந்த நபரின் ஒன்டிரைவ் என்ற சொந்த இணையச் சேமிப்பகத்தில் போய்ச் சேரும். அவர் கணக்கை அழித்தால் அவையும் போகும் வாய்ப்பு உண்டு. அதனால் படிவத்தைக் குழுவின் பெயருக்கு மாற்றுங்கள், அப்போது கோப்புகள் குழுவின் ஷேர்பாயின்ட் தளத்தில் தங்கும். ஃப்ளோவுக்குக் குறைந்தது இரண்டு உரிமையாளர்களைச் சேருங்கள். முடிந்தால் இதற்கென்றே ஒரு பொதுக் கணக்கை ஐடி துறையிடம் கேட்டு வாங்குங்கள். ஊழியர் விலகும்போது மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் வாங்கி வைப்பதுபோல, அவர் பெயரில் ஓடும் ஃப்ளோக்களின் பட்டியலையும் வாங்கி வைப்பது மனிதவளத் துறையின் வழக்கமாக வேண்டும்.

30 நாள் கெடு

பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோவின் ஓட்டம், அதாவது ஒரு விண்ணப்பத்துக்காக அது ஒரு முறை ஓடுவது, அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். மேலாளர் நீண்ட விடுப்பில் போனாலோ கவனிக்காமல் விட்டாலோ, 30 நாளில் ஃப்ளோவில் ஒப்புதல் கேட்கும் கட்டம், அதாவது ஒப்புதல் படி, காலாவதியாகிவிடும். பலர் இந்த நிலையை எதிர்பார்த்து ஃப்ளோவை அமைப்பதில்லை. ஒப்புதல் வந்தால் இது, மறுத்தால் அது என்று இரண்டு பாதை மட்டும் போடுகிறார்கள். பதிலே வராத மூன்றாவது பாதைதான் நடைமுறையில் அடிக்கடி தேவைப்படுகிறது.

ஒப்புதல் படியின் அமைப்புகளில் காலவரம்பு என்று ஒன்று இருக்கிறது. ஆங்கில எழுத்து பி, நாள் எண்ணிக்கை, பிறகு டி என்று இடைவெளியில்லாமல் எழுத வேண்டும். ஏழு நாள் என்றால் பி7டி (P7D). அடுத்து வரும் படியில் ‘ரன் ஆஃப்டர்’ அமைப்பைத் திறந்து, முந்தைய படி காலாவதியானாலும் இது ஓட வேண்டும் என்று குறியிடுங்கள். அந்தப் படி மேலாளரின் மேலதிகாரிக்குத் தகவல் அனுப்பட்டும், விண்ணப்பித்தவருக்கும் ஒரு வரி போகட்டும்.

தினமும் காலையில் ஓடி, நிலுவையில் இருப்பவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்து நினைவூட்டும் தனி ஃப்ளோவும் நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலை வாசிக்கும் ‘கெட் ஐட்டம்ஸ்’ படி, நீங்கள் மாற்றாதவரை முதல் 100 வரிகளை மட்டுமே தரும். பட்டியல் சிறிதாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் எல்லாம் சரியாக நடக்கும். 101-வது விண்ணப்பத்திலிருந்து நினைவூட்டல் போகாது, பிழைச் செய்தியும் வராது. எண்ணிக்கையை உயர்த்துங்கள், நிலுவையில் உள்ளவை மட்டும் வரும்படி வடிகட்டியும் போடுங்கள்.

ஒப்புதல் தந்தும் மறுப்பு போனது எப்படி?

இந்த ஒரு பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை. மேலாளர் ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறார். ஊழியருக்கு ‘உங்கள் விடுப்பு மறுக்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் போகிறது. ஃப்ளோவின் வரலாற்றைப் பார்த்தால் எல்லாப் படியிலும் பச்சைக் குறிதான்.

காரணம் ஒரே ஓர் எழுத்து. ஒப்புதலின் முடிவாக மென்பொருள் தருவது ‘அப்ரூவ்’ என்ற ஆங்கிலச் சொல். ஃப்ளோவை எழுதியவர் நிபந்தனையில் ‘அப்ரூவ்டு’ என்று கடைசியில் ஒரு டி சேர்த்து எழுதியிருப்பார். இரண்டும் பொருந்தாததால் ஓட்டம் ‘இல்லை’ என்ற பக்கம் திரும்பிவிடுகிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் இங்கே கணக்கில் வரும். தங்கையின் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டவருக்கு இப்படி ஒரு மறுப்பு போனால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். ‘அப்ரூவ்’ வந்தால் ஒப்புதல், ‘ரிஜெக்ட்’ வந்தால் மறுப்பு என்று இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டுமே இல்லாவிட்டால் அது நிர்வாகிக்குப் போகட்டும். எஞ்சியதெல்லாம் மறுப்பு என்று எழுதவே கூடாது.

ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒப்புதல் தரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். முதலில் பதிலளிப்பவரே போதும் என்பது ஒரு வகை, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வேறு வகை. இரண்டாவதில் ஒருவர் மறுத்தாலே கதை முடிந்தது, மற்றவர்களுக்காக அது காத்திருக்காது. ‘அப்ரூவ்’, ‘ரிஜெக்ட்’ என்பவற்றுக்குப் பதிலாக நாமே எழுதிய பதில்களைத் தேர்வுகளாக வைத்து எல்லோரிடமும் கேட்டால், அத்தனை பேருடைய பதிலும் ஒரே வரியாகக் கோத்து வரும். அதை ஒற்றைச் சொல்லோடு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது.

ஒரே மின்னஞ்சல் மூன்று முறை போகிறது என்று யாராவது புகார் சொன்னால், ‘அப்ளை டு ஈச்’ என்ற சுழற்சிக்குள் அந்த மின்னஞ்சல் படி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் தந்தவரின் பெயரையோ குறிப்பையோ மின்னஞ்சலில் சேர்த்ததும், மென்பொருள் தானாகவே அந்தச் சுழற்சியைப் போட்டுவிடும். மூன்று பேர் பதிலளித்தால் மூன்று மின்னஞ்சல்.

மேலாளர் இல்லாதவர், பெயர் இல்லாதவர்

விண்ணப்பித்தவரின் மேலாளர் யார் என்பதை ஃப்ளோ நிறுவனத்தின் பயனர் பதிவேட்டிலிருந்து எடுக்கிறது. அங்கே அந்த இடம் காலியாக இருந்தால் அந்தப் படியிலேயே விழுந்துவிடும். நிர்வாக இயக்குநருக்கு மேலாளர் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இன்னும் பதிந்திருக்க மாட்டார்கள். துறை மாறியவருக்குப் பழைய மேலாளரே இருப்பார், விண்ணப்பம் அங்கே போய்க் கிடக்கும். ஃப்ளோவைத் திருத்துவதற்கு முன்னால் பதிவேட்டைத் திருத்துங்கள்.

படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று திறந்து விட்டால், நிரப்பியவரின் மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘அனானிமஸ்’ என்ற சொல்தான் வரும். அதற்குப் பதில் அனுப்ப முடியாது. அலுவலகத்துக்குள் பயன்படும் படிவம் என்றால் நிறுவனத்தினர் மட்டும் என்று வையுங்கள், பெயரையும் பதியச் சொல்லுங்கள்.

தேதியும் தமிழும்

10-ஆம் தேதி விடுப்புக் கேட்டால் மின்னஞ்சலில் 9-ஆம் தேதி மாலை 6.30 என்று வருகிறதா? பவர் ஆட்டோமேட் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் கணக்கிடுகிறது. இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. நம் நள்ளிரவு 12 மணி அதற்கு முந்தைய நாள் மாலை 6.30. நேர மண்டலத்தை மாற்றும் படி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு அதிலிருந்து வரும் தேதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

தமிழில் பட்டியல் அமைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் படிவம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஷேர்பாயின்ட் பட்டியலில் ஒவ்வொரு பத்திக்கும் (நெடுவரிசைக்கும்) வெளியே தெரியும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பெயர் ஒன்று. பத்தியை முதன்முதலில் உருவாக்கும்போது வைத்த பெயரே உள்பெயராக நின்றுவிடும். பிறகு எத்தனை முறை பெயர் மாற்றினாலும் உள்பெயர் மாறாது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை உள்பெயர் அப்படியே ஏற்காது. ஒவ்வோர் எழுத்துக் குறியையும் ஏழு இடம் பிடிக்கும் ஒரு குறியீடாக மாற்றும். உள்பெயரின் மொத்த நீளமோ 32 இடம்தான். தமிழில் நான்கு குறிகளைத் தாண்டியதும் பெயர் வெட்டுப்படும். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ‘விடுப்பு வகை’, ‘விடுப்பு நாட்கள்’ என்று இரண்டு பத்தி வைத்தால் இரண்டின் உள்பெயரும் தொடக்கத்தில் ஒரே மாதிரி வந்து, கடைசியில் ஓர் எண்ணால்தான் வேறுபடும். வடிகட்டி எழுதும்போது எது எதுவென்று பிரித்தறிய முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

வழி மிகச் சுலபம். பத்தியை முதலில் இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் உருவாக்குங்கள். சேமித்த பிறகு பெயரைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஊழியரின் கண்ணில் தமிழ்ப் பெயர் படும், ஃப்ளோவுக்கு உள்ளே சுத்தமான பெயர் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கதவு

இதுவரை சொன்னவை வேலையைக் கெடுப்பவை. இது நம்பிக்கையையே கெடுப்பது. பட்டியலில் ‘நிலை’ என்ற பத்தி இருக்கும். படிவத்தில் அது தெரியாதபடி மறைத்துவிட்டோம், அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பட்டியலைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் பட்டியலை அட்டவணையாகத் திறந்து நேரடியாகத் திருத்தும் கட்டக் காட்சியில் நுழைந்து நிலையை ‘ஒப்புதல்’ என்று தாமே மாற்றிக்கொள்ளலாம். ஒப்புதல் வந்த பிறகு தொகையை 5,000 என்பதிலிருந்து 50,000 ஆக்கவும் முடியும். மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. விண்ணப்பம் பதிவானதும் அந்த வரியில் விண்ணப்பதாரருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் இருக்கும்படி ஃப்ளோவே மாற்றட்டும். யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் பதிப்பு வரலாற்றை இயக்கி வையுங்கள். பணம் கொடுப்பவர் பட்டியலில் உள்ள தொகையைப் பார்க்காமல், ஒப்புதல் பதிவில் உள்ள தொகையைப் பார்க்கட்டும். அதற்கு, ஒப்புதல் கேட்கும் செய்தியிலேயே தொகையை எழுதி அனுப்ப வேண்டும்.

பட்டியலில் மாற்றம் நடந்தால் ஓடு என்று அமைத்த ஃப்ளோ, அதே வரியைத் திருத்தினால் தன்னைத்தானே மீண்டும் எழுப்பிக்கொள்ளும். ஃப்ளோ எப்போது தொடங்கலாம் என்று சொல்லும் ‘ட்ரிக்கர் கண்டிஷன்’ என்ற நிபந்தனையைப் போட்டு, நிலை ‘புதியது’ என்று இருக்கும்போது மட்டும் ஓடச் செய்யுங்கள்.

நின்றுபோனால் எங்கே தொடங்குவது?

ஃப்ளோவைத் திருத்தக் கை பரபரக்கும். முதலில் ஃப்ளோவின் ஓட்டங்களைப் பட்டியலிடும் ‘ரன் ஹிஸ்டரி’யைத் திறங்கள். குறிப்பிட்ட விண்ணப்பத்துக்கான ஓட்டமே அங்கே இல்லை என்றால் ஃப்ளோ அணைந்திருக்கிறது, அல்லது அது வேறொரு படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படிவத்தைப் பிரதி எடுத்துப் பயன்படுத்தும் அலுவலகங்களில் இந்த இரண்டாவது காரணம் சகஜம். சிவப்புக் குறி இருந்தால் அந்தப் படிக்குள் போய்ப் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அது மனிதருக்காகக் காத்திருக்கிறது, மென்பொருளைத் தொடாமல் அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பச்சையாக இருந்தும் பதில் போகவில்லை என்றால் நிபந்தனை எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள்.

பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய கையோடு எல்லாத் தோல்விகளையும் ‘ரீசப்மிட்’ (மறுபடி ஓட்டுதல்) செய்ய வேண்டாம். ஃப்ளோ முதல் படியிலிருந்து மறுபடி ஓடும். ஏற்கெனவே போன மின்னஞ்சல்கள் மீண்டும் போகும், பட்டியலில் இரட்டை வரி விழும். காத்திருப்பில் இருக்கும் பழைய ஓட்டங்களுக்கு உங்கள் திருத்தம் போய்ச் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். அவை பழைய வடிவத்திலேயே ஓடி முடியும்.

முன்பணம் கேட்ட அந்த ஊழியருக்கு அன்று மாலையே பணம் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் படிவங்களின் நன்றிச் செய்தியை மாற்றினோம். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் அதை நாமே எழுதிக்கொள்ளலாம். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் யாரை, எந்த உள் எண்ணில் அழைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது.