பூஜ்யத்திலும் எரிந்த டெஸ்டர்
பழைய இரும்புக் கடையில் வாங்கிய வேரியாக்கின் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒற்றைச்சுருள் மின்மாற்றி) குமிழைப் பூஜ்யத்தில் நிறுத்தி, வெளியீட்டு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் 0 வோல்ட் காட்டியபோதும், இரண்டு முனைகளிலுமே, ஃபேஸ் இருந்தால் ஒளிரும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. சுருளின் மேல் நகரும் கார்பன் பிரஷ்ஷை மாற்றியும் பயனில்லை. மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் சுருளுக்கும் உடலுக்கும் இடையே கசிவும் தெரியவில்லை. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தபோது, அது பிரகாசிக்காததால் சுருளில் ஷார்ட்டும் இல்லை.

வேரியாக்கில் ஒரு முனை உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பொது என்பதால், அதில் நியூட்ரல்தான் வரவேண்டும்; பூஜ்யத்தில் மற்ற முனையும் அதனுடனேயே சேர்ந்துவிடும். சுவர் சாக்கெட்டை எர்த்துடன் வைத்து அளந்ததும், வலத்துளையில் இருக்கவேண்டிய ஃபேஸ் இடத்துளையில் 230 வோல்ட்டாக நின்றது. மெயினை அணைத்து சாக்கெட்டின் இரு கம்பிகளையும் இடம் மாற்றியதும் டெஸ்டரும் அடங்கியது; பல நாள் தலைவலி ஒழிந்தது. இருப்பினும் வேரியாக் மின்தனிமை (வெளியீட்டை மெயினிலிருந்து பிரித்து வைப்பது) தராது என்பதால், பூஜ்யத்திலும் வெறுங்கையால் முனைகளைத் தொடுவதில்லை.