கிளான் சண்டைகளைப் பற்றி எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளில் விழாதீர்கள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் கட்டுரை அனுப்பி, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மூன்றுமே ஸ்காட்லாந்து மலைநாட்டிலுள்ள கிளென்கோவில் நடந்த படுகொலையைப் பற்றியவை. மூன்றிலும் முதல் வரி ஏறத்தாழ ஒன்றுதான்: கேம்பெல், மக்டொனால்ட் என்ற இரண்டு கிளான்களுக்கும் (குலங்களுக்கும்) தலைமுறை தலைமுறையாகப் பகை, அந்தப் பகை 1692-ல் ரத்தமாகக் கொட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்காட்லாந்தை இங்கிலாந்து என்று எழுதுவது, பெயர்களைப் பிழையாக எழுதுவது இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். இரண்டாம் முறை படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆணை யார் போட்டது என்று பார்க்காமல் ‘குலப்பகை’ என்று முடித்துவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். என் சிறு நூல் 300 பிரதி அச்சாகி வீட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டாவது வாரம், படித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார். ஒரே கேள்வி: “கொல்லச் சொன்ன ஆணையில் கையெழுத்து யாருடையது?” என்னிடம் பதில் இல்லை. அந்த ஆணையை நான் படித்ததே இல்லை. மற்றவர்கள் சுருக்கிச் சொன்னதைத்தான் நானும் சுருக்கியிருந்தேன். தேடிப் படித்த பிறகு அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, கைக்காசு போட்டு மறுபடி அச்சடித்தேன்.

நடந்தது இதுதான். மூன்றாம் வில்லியம் மன்னருக்கு 1692 ஜனவரி 1-க்குள் எல்லா ஹைலேண்ட் (மலைநாட்டு) தலைவர்களும் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கெடு. கிளென்கோ மக்டொனால்டுகளின் தலைவர் மக்இயன் கடைசி நேரத்தில் ஃபோர்ட் வில்லியம் கோட்டைக்குப் போனார். அங்கிருந்த கர்னல் ஹில், பிரமாணம் வாங்கும் அதிகாரம் தனக்கில்லை என்று சொல்லி இன்வெரரேக்கு அனுப்பினார். பனிக்காலத்தில் மலைவழியாக அவர் போய்ச் சேர்ந்து, பிரமாணம் எடுத்தது ஜனவரி 6-ல். வாங்கிக்கொண்டவர் யார் தெரியுமா? ஆர்ட்கிங்லஸ் கோலின் கேம்பெல். ‘பரம்பரை எதிரி’யான ஒரு கேம்பெல்தான் கிழவருக்கு இரங்கி, கெடு தாண்டிய பிறகும் அதைப் பதிவு செய்தார்.

அந்தப் பிரமாணத்தைச் செல்லாததாக்கியது எடின்பரோவும் லண்டனும். ஸ்காட்லாந்து விவகாரச் செயலர் ஜான் டால்ரிம்பிள் தாழ்நிலத்துக்காரர், கேம்பெல் அல்ல. குளிர்காலத்தில் அடித்தால்தான் இந்த மலைக்காரர்கள் பெண்டு பிள்ளைகளையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குத் தப்ப முடியாது என்று அவர் முன்கூட்டியே கடிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். ஜனவரி 16 தேதியிட்ட ஆணையின் தலையிலும் காலிலும் மன்னரே கையெழுத்திட்டிருக்கிறார். பிப்ரவரி 12-ல் மேஜர் டங்கன்சன் எழுதிய கடைசி உத்தரவு, எழுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் வெட்டிச் சாய்க்கும்படியும், விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும்படியும் சொல்கிறது. அதைக் கையில் வாங்கிய தளபதி கிளென்லயன் ராபர்ட் கேம்பெல். ஏறத்தாழ 120 படைவீரர்களோடு பன்னிரண்டு நாளாய் அந்த ஊர் வீடுகளில் தங்கி, அவர்கள் போட்ட சோற்றைத் தின்றவர். அவருக்கு மருமகள் முறையாகும் பெண் ஒருத்தி மக்இயனின் இளைய மகனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

மக்இயன் படுக்கையிலிருந்து எழுந்து உடுத்திக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். மனைவியின் விரல் மோதிரங்களை ஒரு படைவீரன் பல்லால் கடித்து இழுத்ததாக விசாரணையில் சாட்சி இருக்கிறது. ஏறத்தாழ 38 பேர் கொல்லப்பட்டார்கள். வீடுகள் எரிந்துபோக, பனியில் ஓடிச் செத்தவர்கள் தனி.

சரி, அப்படியானால் பகையே இல்லையா? இருந்தது. 1689-ல் கிளென்கோ ஆட்கள் கிளென்லயன் பள்ளத்தாக்கில் புகுந்து இதே ராபர்ட் கேம்பெலின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே சூதாடிக் கடனாளியாகியிருந்தவருக்கு அது பேரிடி. ஆனால் அது மாட்டுச் சண்டை. அந்தக் காய்ந்த விறகில் தீ வைத்தது அரசு, வேண்டுமென்றே, தேதி குறித்து. 1695-ல் நடந்த விசாரணை இதைக் கொலை என்றே சொன்னது, டால்ரிம்பிளைக் குறை சொன்னது, மன்னரைத் தொடவில்லை. யாரும் தண்டிக்கப்படவில்லை, டால்ரிம்பிள் 1703-ல் பிரபுவாக உயர்த்தப்பட்டார். ‘குலப்பகை’ என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் கையெழுத்துக்காரர்களைத் தப்பவிடுகிறோம். இது சின்ன விஷயமே அல்ல.

அயர்லாந்துப் பக்கமும் இதே கதை. 1575-ல் ராத்லின் தீவில் மக்டானெல் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதைக் கிளான் சண்டைப் பட்டியலில் சேர்த்திருந்தார் கட்டுரை அனுப்பிய மூவரில் ஒருவர். அதைச் செய்தது எசெக்ஸ் பிரபு அனுப்பிய ஆங்கிலப் படை. கப்பல்களோடு போனவர்களில் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கும் உண்டு.

கடலை வேலியாக நினைப்பது

ஐரிஷ் சண்டை ஒரு அத்தியாயம், ஸ்காட்டிஷ் சண்டை ஒரு அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டால் பாதி புரியாது. ஸ்காட்லாந்தின் கின்டயர் முனைக்கும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரைக்கும் நடுவே கடல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஐலா தீவிலும் ஆன்ட்ரிம் பள்ளத்தாக்குகளிலும் நிலம் வைத்திருந்தது ஒரே மக்டொனால்ட் குடும்பம். ஆன்ட்ரிமில் அவர்களை மக்டானெல் என்பார்கள்.

1565-ல் வட அயர்லாந்துப் பகுதியான அல்ஸ்டரின் ஷேன் ஓ’நீல் கிளென்டைசியில் இவர்களைத் தோற்கடித்தார். தலைவர் ஜேம்ஸ் மக்டொனால்ட் காயம்பட்டுச் சிறையில் இறந்தார், தம்பி சோர்லி பாய் கைதியானார். இரண்டே வருடம். 1567 மே மாதம் ஃபார்செட்மோரில் இன்னொரு ஐரிஷ் குலமான ஓ’டானல்களிடம் ஷேன் நொறுங்கிப்போய், உதவி கேட்டு அதே மக்டானெல்களிடம் குஷெண்டன் போனார், சோர்லி பாயையும் கூட்டிக்கொண்டு. ஜூன் 2-ல் அங்கேயே வெட்டிக் கொன்றார்கள். தலை டப்ளின் கோட்டைக்குப் போனது, பரிசுப் பணம் ஓர் ஆங்கிலத் தளபதிக்கு.

அப்புறம் 1569-ல் நடந்ததைத்தான் புதியவர்கள் எல்லாருமே விட்டுவிடுகிறார்கள். செத்த ஜேம்ஸின் விதவை ஆக்னஸ், ஷேனுக்கு அடுத்து வந்த டர்லாக் ஓ’நீலைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆக்னஸ் பிறப்பால் கேம்பெல், ஆர்கைல் பிரபுவின் மகள். வரதட்சணையாக வந்தது பணமல்ல, ஸ்காட்டிஷ் கூலிப்படை. அவருடைய மகள் ஃபினோலாவோ ஓ’டானல் தலைவருக்கு மனைவியாகி, பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ரெட் ஹியூவைப் பெற்றார். கேம்பெல், மக்டொனால்ட், ஓ’நீல், ஓ’டானல் நாலும் ஒரே பந்தியில். பகைப் பட்டியல் போடும்போது பக்கத்திலேயே கல்யாணப் பட்டியலும் போட்டு வையுங்கள்.

பங்காளிச் சண்டையைக் குலச் சண்டையாக எழுதுவது

இந்த ஐரிஷ், ஸ்காட்டிஷ் குலங்களின் கேலிக் முறையில் மூத்த மகனுக்கே பட்டம் என்று கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண் வாரிசுகள் எல்லாரும் போட்டியில் இருக்கலாம். அதனால் பல கொலைகள் வீட்டுக்குள்ளேயே நடந்தவை: ஷேன் ஓ’நீலின் சகோதரர் முறையும் போட்டியாளருமான மேத்யூ 1558-ல் ஷேனின் ஆட்களால் கொல்லப்பட்டார். மேத்யூவின் மகன்தான் பின்னால் பெரும் போர் நடத்திய ஹியூ ஓ’நீல்.

டார்டன்

குலத்துக்கொரு கட்டம் போட்ட துணி (அதுதான் டார்டன்) என்பது 19-ஆம் நூற்றாண்டு வழக்கம். 1565 சண்டையில் அதை உடுத்திவிடாதீர்கள்.

ஆண்டுக்குறிப்புகளை அப்படியே நம்புவது

அயர்லாந்து வரலாற்றுக்கு எல்லாரும் எடுக்கும் நான்கு அறிஞர்களின் ஆண்டுக்குறிப்பு 1632 முதல் 1636 வரை டோனகலில் தொகுக்கப்பட்டது, அதாவது ஓ’டானல்களின் மண்ணில். ஃபார்செட்மோர் வெற்றியை அது எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று யோசித்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

தேதி

ஸ்காட்லாந்து 1600 முதல் ஜனவரி 1-ல் புத்தாண்டு தொடங்கியது. இங்கிலாந்தும் அயர்லாந்தும் 1752 வரை மார்ச் 25-ல். ஆங்கில ஆவணத்தில் 1691 பிப்ரவரி என்று பார்த்தால் பதறாதீர்கள், கிளென்கோதான் அது.

குடும்பப் பெயரை ரத்தம் என்று எண்ணுவது

தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள் அவர் பெயரையே வைத்துக்கொள்வார்கள், ரத்த உறவே இல்லாமல். எதிர்த்திசையிலும் நடந்தது. 1603 பிப்ரவரியில் கிளென்ஃபுரூனில் மக்ரெகர் குலத்தார் கொல்கூன் குலத்தாரைக் கொன்றதற்காக மக்ரெகர் என்ற பெயரையே அரசு தடை செய்தது. நடுவில் கொஞ்ச காலம் விலகி, மறுபடி வந்து, 1774-ல்தான் அந்தத் தடை முற்றிலும் ஒழிந்தது. தடை இருந்த காலமெல்லாம் அவர்கள் அகப்பட்ட பெயரில் ஒளிந்து வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மக்ரெகர் கையெழுத்துப் போட்டது அம்மா வழிப் பெயரில்: கேம்பெல்.