பீங்கான் கத்தியும் மெட்டல் டிடெக்டரும்: கலிபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஒரு நண்பருக்குத் துணையாகக் கலிபோர்னியாவில் ஒரு கவுண்டி நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். டிராஃபிக் டிக்கெட் விவகாரம், பத்து நிமிட வேலை. பையை எக்ஸ்ரே பெல்ட்டில் வைத்துவிட்டு மெட்டல் டிடெக்டர் வழியாக இருவரும் சத்தமே இல்லாமல் கடந்துவிட்டோம், ஆனால் பை மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. காவலர் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். வெள்ளை அலகு, பச்சைக் கைப்பிடி, மூன்று அங்குலம் இருக்கும். ஆப்பிள் நறுக்க நண்பரின் வீட்டார் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்கள். நண்பர் பதறிப்போய், "சார், இது வெறும் பீங்கான், இதில் மெட்டலே கிடையாது" என்றார். அதுவரை சாதாரணமாக இருந்த காவலர், இன்னொருவரைக் கூப்பிட்டார். நிறையக் கேள்விகள் கேட்டுவிட்டுக் கடைசியில் காரில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். நல்லவேளை, அதோடு முடிந்தது.

அன்று இரவே உட்கார்ந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதற்கப்புறம் நான்கைந்து பேரிடம் இதைப் பற்றிப் பேசியதில், எல்லோரிடமும் ஏதோ ஒரு தவறான எண்ணம் இருப்பது தெரிந்தது. விசாவிலோ கிரீன் கார்டுக்குக் காத்திருப்பிலோ இருப்பவர்களுக்கு ஒரு கைது என்பது சின்ன விஷயம் இல்லை, விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

"பீங்கான் கத்தியே கலிபோர்னியாவில் தடை" என்பதுதான் நான் அடிக்கடி கேட்டது. ஒரு அம்மா இதை நம்பி நல்ல கத்தி ஒன்றைக் குப்பையில் போட்டிருக்கிறார். அப்படி ஒரு தடையே இல்லை. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 17290-ஆம் பிரிவு, மெட்டல் டிடெக்டர் கருவியில் சிக்காத கத்தி என்றால் என்ன என்று சொல்கிறது. மூன்று நிபந்தனைகள், மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும்: குத்தினால் பெரிய காயமோ மரணமோ உண்டாக்கும்படி, எடுத்த எடுப்பில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும், ஆயுதமாகப் பயன்படுத்துவதற்கென்றே வணிக ரீதியில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும், வழக்கமான அளவில் அமைத்து வைத்த மெட்டல் டிடெக்டரில் சிக்காததாக இருக்க வேண்டும். தக்காளி நறுக்கச் செய்த கத்தி இரண்டாவது நிபந்தனையிலேயே வெளியே போய்விடுகிறது. ஆகவே சமையலறைப் பீங்கான் கத்தி பயமில்லாமல் இருக்கட்டும். (அதை வைத்துத் தேங்காய்ச் சில்லைக் கீறிவிடாதீர்கள். பீங்கான் வளையாது, நெம்பினால் நுனி தெறித்துவிடும்.)

அப்படியானால் சட்டம் யாரைப் பிடிக்கிறது? 20810-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும், அது முதன்மையாகத் தயாரிப்பவரையும் விற்பவரையும் பார்க்கிறது. வணிகத்துக்காகத் தயாரிப்பது, விற்பனைக்கென்று மாநிலத்துக்குள் கொண்டுவருவது, வெளியே அனுப்புவது, விற்பனைக்கு வைத்திருப்பது, விற்கிறேன் என்று காட்டுவது, எல்லாமே மிஸ்டிமீனர் எனப்படும் சிறு வகைக் குற்றம். இங்கேதான் பலரும் சறுக்கும் இடம் இருக்கிறது. "நான் கடை வைத்திருக்கிறேனா என்ன" என்று நினைத்துக்கொண்டு, வெளிநாட்டு ஆன்லைன் கடை ஒன்றில் இருபது முப்பது 'தற்காப்பு' கத்திகளை மலிவாக வாங்கி, லாபம் வைத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கலாம் என்று இறங்கினால், அது விற்பனைக்கான இறக்குமதிதான். பெட்டியில் 'கடிதம் பிரிக்கும் கருவி' என்று அச்சடித்திருந்தால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கண்ணாடி நார் சேர்த்து இறுக்கிய ஜி-10 பலகையில் செய்து, இருபக்கமும் கூராக்கி, உள்ளங்கையில் பிடிக்கப் பள்ளமும் வைத்த ஒரு பொருளை நீதிமன்றத்தில் மேசை மேல் வைத்தால், அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியாதா?

அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. 2000 ஜனவரி 1 முதல், இந்த மாநிலத்தில் வணிக ரீதியாகத் தயாரிக்கப்படும், குத்துவதற்கு ஆயத்தமாக இருக்கும் கத்தி எதுவானாலும், டிடெக்டரில் சிக்காத பொருளால் செய்யப்பட்டிருந்தால், சிக்கும்படியான ஏதாவது ஒன்றை அதில் சேர்த்தே செய்ய வேண்டும். இந்த வரியில் 'ஆயுதமாகப் பயன்படுத்த' என்ற நிபந்தனை இல்லை என்பதைக் கவனியுங்கள். கராஜில் 3டி பிரிண்டர் வைத்து, பிளாஸ்டிக் கத்தி அச்சிட்டு விற்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராணுவம், காவல்துறை, அருங்காட்சியகம் போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு அந்த விலக்கு கிடையாது.

சரி, சொந்தத்துக்கு வைத்திருப்பதை அந்த 20810-ஆம் பிரிவு குற்றமாக எழுதவில்லை, அப்போது சட்டைக்குள் செருகிக்கொண்டு போகலாமா? கூடவே கூடாது. இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. 21310-ஆம் பிரிவு குத்துவாளை உடம்பில் மறைத்து எடுத்துச் செல்வதைத் தண்டிக்கிறது, அது ஃபெலனி எனப்படும் பெருங்குற்றமாகக்கூட மாறலாம். குத்துவாள் என்றால் என்ன என்று சொல்லும் 16470-ஆம் பிரிவில் உலோகம் என்ற பேச்சே இல்லை, குத்துவதற்கு ஆயத்தமாக இருக்கும் 'கத்தியோ வேறு கருவியோ' என்றுதான் இருக்கிறது. பிளாஸ்டிக்கும் கருவிதான், பீங்கானும் கருவிதான். உதட்டுச்சாயக் குப்பிக்குள் கத்தி, பெல்ட் பக்கிளில் கத்தி, பேனாவுக்குள் கத்தி, இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன, அங்கே வைத்திருப்பதே குற்றம்.

1988-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம் ஒன்றைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது டிடெக்டரில் சிக்காத துப்பாக்கிகளைப் பற்றியது, 3.7 அவுன்ஸ் ஸ்டீல் கணக்கெல்லாம் துப்பாக்கிக்குத்தான். கத்திக்கு அதில் இடமில்லை. ஆனால் மத்திய அரசுக் கட்டிடத்துக்குள் ஆபத்தான ஆயுதம் கூடாது என்று வேறொரு சட்டம் இருக்கிறது, இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ள பாக்கெட் கத்தியை மட்டும் அது விட்டுவிடுகிறது. மாநில, உள்ளூர் அரசுக் கட்டிடங்களுக்குக் கலிபோர்னியா வைத்திருக்கும் கணக்கு நான்கு அங்குலம். இந்த எண்களை மனப்பாடம் செய்து வாசலில் வாதாடாதீர்கள், நீதிமன்றங்கள் தங்களுக்கென்று இன்னும் கடுமையான விதி வைத்திருக்கலாம்.

காந்தத்தை வைத்துச் சோதிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டவில்லை, ஆகவே கருவியில் சிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் அந்தச் சட்டகம் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது, மின்சாரம் கடத்தும் பொருள் எதுவாக இருந்தாலும் அதற்குள் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அந்தச் சுழலைத்தான் கருவி உணர்கிறது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, ஆனாலும் கருவி கத்தும். அலுமினியமும் அப்படியே. பீங்கான் கத்திகளிலேயே, சிக்க வேண்டும் என்பதற்காக உள்ளே உலோகம் சேர்த்துத் தயாரித்தவை உண்டு.

நண்பரின் பை மாட்டியதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பீங்கான் கத்தி என்று நாம் சொல்வது பெரும்பாலும் சிர்கோனியம் ஆக்ஸைடு, தண்ணீரைப் போல ஆறு மடங்கு அடர்த்தி. மெட்டல் டிடெக்டர் அதைக் கவனிக்காமல் விடலாம், எக்ஸ்ரே திரையில் அது பளிச்சென்று கத்தி வடிவத்திலேயே தெரியும். விமான நிலையத்தில் உடம்பை அலசும் மில்லிமீட்டர் அலைக் கருவிகளும் உலோகத்தை மட்டும் தேடுபவை இல்லை. சத்தம் வரவில்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விமானம் என்றால் இன்னும் சுருக்கம். கைப்பையில் கத்தி கூடாது, பிளாஸ்டிக் சாப்பாட்டுக் கத்தியும் முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியும் மட்டும் விலக்கு. சின்ன பாக்கெட் கத்திகளை அனுமதிப்போம் என்று விமான நிலையச் சோதனையை நடத்தும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (டிஎஸ்ஏ) 2013 மார்ச்சில் அறிவித்து, விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்ததும் ஜூனில் அதைக் கைவிட்டது. அந்தப் பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் "சின்னதுதானே, விடுவார்கள்" என்கிறார்கள். விடமாட்டார்கள். சமையல் கத்தியை உறையில் போட்டு, நன்றாகச் சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக, லண்டனில் இருக்கும் உறவினருக்கு ஏதாவது அனுப்புவதற்கு முன். கலிபோர்னியாவில் படித்ததை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் இந்த வகைக்கு 'ஸ்டெல்த் கத்தி' என்று பெயர். வீட்டு உபயோகத்துக்கும் சமையலுக்கும் செய்தவையும் பொம்மைகளும் அந்த வரையறைக்குள் வராது, அந்த அளவுக்கு நிம்மதி. ஆனால் வரையறைக்குள் வரும் ஒன்றை விற்பது, இறக்குமதி செய்வது, இனாமாகக் கொடுப்பதுகூடக் குற்றம், 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். அதுமட்டுமில்லை, தக்க காரணம் இல்லாமல் தெருவில் கத்தி கொண்டு போனால், அது பீங்கான் பழக்கத்தியாக இருந்தாலும் நான்கு வருடம் வரை சிறை உண்டு. மடக்கக்கூடிய, பூட்டு விழாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத பாக்கெட் கத்திக்கு மட்டும் அங்கே சலுகை.

நண்பர் இப்போது ஆப்பிளை வீட்டிலேயே நறுக்கி, எலுமிச்சைச் சாறு தடவி டப்பாவில் எடுத்துக்கொண்டு போகிறார்.